வாற்கோதுமை போட்டுக்கொடுத்த வரப்பு

நம் ஊரில் ஒரு வரப்புத் தகராறு என்றால் அதற்கு ஆயுள் மூன்று தலைமுறை. தாத்தா ஒரு சாண் வெட்டிச் சேர்த்துக்கொள்வார். அப்பா முன்சீப் கோர்ட்டுக்கு நடப்பார். பேரன் சப்-கோர்ட்டில் வாய்தா வாங்குவான். அதற்குள் நிலமே பிளாட் போட்டு விற்றுத் தீர்ந்திருக்கும். வழக்கு மட்டும் உயிரோடு இருக்கும்.

இங்கிலாந்தின் தெற்கே வில்ட்ஷயர் என்றொரு மாவட்டம். அங்கே மூவாயிரம், மூவாயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் போட்ட வரப்புகள் இருக்கின்றன. போட்டவன் பெயர் தெரியாது. அவன் பேசிய மொழி தெரியாது. பட்டா, சிட்டா, அடங்கல் ஒரு காகிதமும் கிடையாது. பின்னால் வந்தவர்கள் உழுது உழுது பல இடங்களில் வரப்பைத் தரையோடு தரையாக்கிவிட்டார்கள். அப்படியும் மழை பொய்த்த ஒரு கோடையில், அந்த வயலில் நிற்கும் வாற்கோதுமை சம்மன் இல்லாமலே சாட்சி சொல்ல வந்துவிடுகிறது. "இங்கேதான் ஐயா மூலை. இங்கே திரும்பி இப்படிப் போனது."

ஒரே ஒரு சிக்கல். சாட்சி அண்ணாந்து ஆகாயத்தைப் பார்த்துத்தான் பேசும். கீழே நிற்கிறவன் காதில் ஒன்றும் விழாது.

இதில் மந்திரம் எதுவுமில்லை. விவசாயி வீட்டில் பிறந்தவர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். போன வருஷம் குப்பைக்குழி இருந்த இடத்தில் இந்த வருஷம் பயிர் கறுத்து நிற்கும். ஆட்டுக்கிடை போட்ட இடம் ரோட்டிலிருந்தே தெரியும். பழைய மோட்டார்க் கொட்டகையின் அஸ்திவாரத்தின் மேல் விதைத்தது தலையே தூக்காது. வில்ட்ஷயரிலும் அதே கதைதான். அங்கே மேல்மண் ஒரு போர்வை கனம். அடியில் வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை. அதில் ஒருத்தன் எப்போதோ ஒரு பள்ளம் வெட்டினான். அது தூர்ந்தது. மண் சரிந்து, தழை மக்கி, மண்புழு குடித்தனம் வந்து, சுற்றுவட்டாரத்தில் இல்லாத ஆழமான மண் அந்த ஒரு கோட்டில் மட்டும் சேர்ந்துவிட்டது. நல்ல மழைக்காலத்தில் எல்லாப் பயிரும் ஒன்றுபோலத் தழைக்கும். யாருக்கும் எந்த ரகசியமும் தெரியாது. வாரக்கணக்கில் மழை ஏமாற்றினால்தான் விவகாரம். மற்ற பயிரெல்லாம் காய்ந்து மஞ்சளாகும்போது பள்ளத்தின் மேல் நிற்கிறது மட்டும் பழைய ஈரத்தைக் குடித்துப் பச்சையாக, கொஞ்சம் உயரமாகவும் நிற்கும். புதைந்த சுவர் என்றால் தலைகீழ்: அதன்மேல் நிற்பது முதலில் கருகும். ஜூன் கடைசி, ஜூலை என்று சில வாரம். பிறகு அறுவடை. அத்தோடு சாட்சியின் வாயை அடைத்துவிடுவார்கள்.

கண்ணில் படுவதற்கு வேறு வழிகளும் உண்டு. வரப்பு மேடு கொஞ்சமாவது மிச்சமிருந்தால், காலை மாலைச் சாய்ந்த வெயிலில் அதன் நிழல் நீண்டு காட்டிக்கொடுக்கும். உழுது போட்ட வயலில் பழுப்பு மண்ணுக்கு நடுவே அரைபட்ட சுண்ணாம்பு வெள்ளைக் கோடாகத் தெரியும். ஆனால் இதிலெல்லாம் பயிர் செய்கிற துரோகத்தின் சுவை இல்லை. விதைத்தவன் சோற்றைத் தின்றுகொண்டே அவன் முப்பாட்டனுக்கும் முப்பாட்டன் காலத்து ஆக்கிரமிப்பை ஊருக்குச் சொல்வது பயிர் ஒன்றுதான்.

இதை முதலில் கவனித்தவர்கள் பண்டிதர்கள் இல்லை. வில்லியம் கேம்டன் 1586-ல் 'பிரிட்டானியா' என்று ஒரு தலையணைப் புத்தகம் போட்டார். கென்ட் மாவட்டத்து ரிச்பரோவில் ஒரு ரோமானியக் கோட்டை இருந்த இடத்தில், பயிர் வளரும்போது குறுக்கும் நெடுக்குமாகத் தெருக்கள் தெரிகின்றன, தெரு இருந்த இடத்தில் கதிர் மெலிந்திருக்கிறது என்று அதில் எழுதினார். ஊர்க்காரர்கள் அதற்கு ஏற்கெனவே பெயர் வைத்திருந்தார்கள்: புனித அகஸ்டின் சிலுவை. குறுக்கும் நெடுக்குமாக எது தெரிந்தாலும் சிலுவை என்று கும்பிட்டுவிடுகிற காலம். கேம்டன் எழுதினார், போனார். அடுத்த நூற்று முப்பது வருஷத்தில் அதை வைத்து யாரும் உருப்படியாக ஒன்றும் செய்யவில்லை.

1719-ல் வந்தார் வில்லியம் ஸ்டூக்லி. டாக்டருக்குப் படித்தவர், பிறகு பாதிரியார் ஆனவர், இரண்டுக்கும் நடுவே தன்னைப் பழங்கால ட்ரூயிட் பூசாரியாகவே பாவித்து சின்டோனாக்ஸ் என்று பெயரும் சூட்டிக்கொண்டவர். எசெக்ஸில் கிரேட் செஸ்டர்ஃபோர்ட் என்ற ஊரில் பயிருக்குள் ஒரு ரோமானியக் கோயிலின் தரைப்படம் அச்சடித்த மாதிரி தெரிவதைப் பார்த்து மனுஷர் சொக்கிப்போனார். அங்கே மட்டும் ஏன் பயிர் சரியாக வருவதில்லை என்று ஊர்க்காரர்களைக் கேட்டிருக்கிறார். அவர்கள் சொன்ன காரணம்: ராத்திரியில் தேவதைகள் வந்து ஆடுகின்றன, மிதிபடுகிறது.

படித்தவர்கள் இன்றும் இந்தப் பதிலைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எந்த இடம், எந்த வடிவம், பயிர் எப்படி இளைக்கும் என்ற எல்லா விவரமும் அந்தக் கிராமத்தார் கையில் துல்லியமாக இருந்தன. காரணத்தில்தான் சின்னப் பிசகு. அதே ஸ்டூக்லி, ஸ்டோன்ஹெஞ்சைக் கட்டியது ட்ரூயிட் பூசாரிகள் என்று 1740-ல் ஒரு முழுப் புத்தகமே போட்டார். ட்ரூயிட்களைப் பற்றி நமக்கு எழுத்தில் முதல் சேதி கிடைப்பதற்கு இரண்டாயிரம் வருஷத்துக்கும் முன்னால் எழுந்த கல் அது. தேவதை நடனத்துக்கும் இதற்கும் எது பெரிய பிசகு என்று நீங்களே பாருங்கள். கிராமத்தார் சொன்னால் மூடநம்பிக்கை, பாதிரியார் சொன்னால் ஆராய்ச்சி.

அந்தக் காலத்துக் கனவான்களுக்கு வயலில் அக்கறையும் இல்லை. அவர்களுக்கு வேண்டியது ராஜா. ராஜா என்றால் புதைமேடு. புதைமேடு என்றால் தங்கம். ஸர் ரிச்சர்ட் கோல்ட் ஹோர் என்ற பிரபு பணம் போட, வில்லியம் கன்னிங்டன் என்ற கம்பளி வியாபாரி ஆள் வைத்துத் தோண்ட, வில்ட்ஷயரில் நூற்றுக்கணக்கான மேடுகள் வாயைப் பிளந்தன. கன்னிங்டனுக்கு ஓயாத தலைவலி. வெளியே போய்க் காற்று வாங்கு, இல்லாவிட்டால் செத்துப்போவாய் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நம்மூரில் இப்படிச் சொன்னால் பார்க்கில் நடப்பார்கள். அவர் சுடுகாட்டைத் தோண்டினார். 1808-ல் ஸ்டோன்ஹெஞ்சுக்குப் பக்கத்தில் புஷ் பாரோ என்ற மேட்டில் சாய்சதுர வடிவத்தில் பளபளவென்று ஒரு தங்கத் தகடு கிடைத்தது. எல்லாருக்கும் பரம திருப்தி. தகடு போட்டவனுக்குச் சோறு போட்டவன் எந்த வயலில் உழுதான் என்று கேட்கிறவன் பிறக்க இன்னும் 78 வருஷம் பாக்கி.

அவன் பிறந்தது பம்பாயில்.

ஓ.ஜி.எஸ். கிராஃபோர்ட், 1886 அக்டோபர் 28, பிரீச் கேண்டி. அப்பா வெள்ளைக்கார அரசின் நீதித்துறை அதிகாரி. பெற்ற சில நாளில் அம்மா இறந்துபோனார். மூன்று மாதக் குழந்தையைக் கப்பலேற்றி இங்கிலாந்தில் அத்தைமார் கையில் ஒப்படைத்தார்கள். அத்தை வளர்த்த பிள்ளைக்குரிய சகல லட்சணங்களோடும் வளர்ந்தார்: பிடிவாதம், யாரோடும் ஒத்துப்போகாத குணம், பூனைப் பிரியம். ஆக்ஸ்ஃபோர்டில் கிரேக்கம் லத்தீன் படித்துக்கொண்டிருந்தவர் நடுவில் எழுந்து புவியியலுக்குப் போய்விட்டார். ஐ.ஐ.டி.யில் இடம் கிடைத்த பையன் தபேலா கற்கப் போகிறேன் என்றால் வீட்டில் என்ன நடக்குமோ, கிட்டத்தட்ட அது நடந்தது. 1913-ல் ஈஸ்டர் தீவுக்குக் கிளம்பிய ஓர் ஆராய்ச்சிக் கப்பலில் ஏறினார். கூட வந்த தலைவர்களோடு சண்டை போட்டு, ஆப்பிரிக்கா ஓரத்தில் கேப் வெர்ட் தீவிலேயே இறங்கிக்கொண்டார். ஈஸ்டர் தீவு மிச்சமிருக்கும் கடலுக்கு அப்பால் அப்படியே இருந்தது.

ஹாம்ப்ஷயரில் வில்லியம்ஸ்-ஃப்ரீமன் என்ற நாட்டுப்புற டாக்டர் அவருக்கு வாய்த்த சிநேகிதர். இருவரும் மேட்டுப் புல்வெளிகளில் நடந்து, கணுக்கால் உயரத்துக்கு ஓடும் மண்மேடுகளைப் பார்த்து மண்டையைப் பிய்த்துக்கொள்வார்கள். ஒரு மேட்டைப் பிடித்துக்கொண்டு போவார்கள், அது இன்னொரு மேட்டில் முட்டும், அப்புறம் வேலிப் புதரில் காணாமல் போகும். இந்த வேலைக்கு மனுஷனாகப் பிறந்தது தப்பு, பறவையாகப் பிறந்திருக்கவேண்டும் என்பது டாக்டரின் தீர்மானம். கிராஃபோர்ட் பிற்காலத்தில் இதைப் புரியவைக்கப் பூனையைத்தான் அழைத்தார். பூக்கம்பளத்தின் மேல் படுத்திருக்கும் பூனைக்குக் கம்பளத்தின் கோலம் தெரியாது. நின்று பார்க்கும் மனுஷனுக்குத் தெரியும். நமக்கென்றால் மார்கழி வாசல் போதும். புள்ளிக்கோலத்தின் மேல் ஊர்கிற எறும்புக்கு அது அரிசிமாவு. மொட்டைமாடியிலிருந்து பார்க்கிற மாமிக்குத்தான் மூன்றாவது வரிசையில் ஒரு புள்ளி விட்டுப்போனது தெரியும்.

பறவையாகும் ஆசையை ஜெர்மன் கெய்சர் நிறைவேற்றி வைத்தார். முதல் உலகப் போர் வந்தது. கிராஃபோர்ட் விமானப் படையில் சேர்ந்தார். பின் இருக்கையில் உட்கார்ந்து கீழே பார்த்துச் சொல்கிற உத்தியோகம். முதல் பறப்பிலேயே காலில் குண்டு. ஆறித் திரும்பியவரை 1918 பிப்ரவரியில் ஜெர்மானியர்கள் விமானத்தோடு இறக்கிப் பிடித்துக்கொண்டார்கள். ஒருமுறை ஆற்றில் குதித்துத் தப்பப் பார்த்தார். இழுப்பு பலமாக இருந்ததால் அதுவும் கைகூடவில்லை. சரி என்று சிறையில் உட்கார்ந்து புத்தகம் எழுதினார்.

இந்த இடத்தில் ஒரு விசித்திரத்தைச் சொல்லவேண்டும். மெசபடோமியாவில் பறந்து, சாமர்ரா நகரத்தின் இடிபாடுகளையும் பழைய வாய்க்கால்களையும் படம் பிடித்த பீஸ்லி என்ற லெப்டினன்ட் கர்னல், கீழே போய் அளந்து பார்ப்பதற்குள் துருக்கியர்களிடம் அகப்பட்டார். பின்னால் வரப்போகும் கில்பர்ட் இன்சால் என்ற விமானி 1915-ல் விக்டோரியா கிராஸ் பதக்கத்துக்கான சாகசம் செய்த அடுத்த மாதமே ஜெர்மானியர் கையில் சிக்கி, 1917-ல் தப்பி வந்தவர். விமானத் தொல்லியல் என்ற படிப்புக்கு நுழைவுத் தேர்வே எதிரியிடம் மாட்டிக்கொள்வதுதான் போலிருக்கிறது.

போர் முடிந்தது. 1920-ல் பிரிட்டிஷ் சர்வே துறை கிராஃபோர்டைத் தன் முதல் தொல்லியல் அதிகாரியாகச் சேர்த்துக்கொண்டது. வரைபடத்தில் கோட்டை, புதைமேடு எல்லாம் சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். முதலில் அவருக்குக் கீழே ஒரு பியூன்கூட இல்லை. அதிகாரி, ஊழியர், இலாகா எல்லாமே அவர்தான். பழைய ஆட்களுக்கு இவர் ஒரு தலைவலி. இருக்கிற வேலை போதாதென்று இருபது நூற்றாண்டுக்கு முந்தைய குழியைப் படத்தில் திருத்தச் சொன்னால் எந்த ஆபீஸில்தான் கோபம் வராது?

1922-ல் கிளார்க் ஹால் என்ற விமானப்படை அதிகாரி சொல்லியனுப்பினார்: பயிற்சிக்குப் பையன்கள் எடுத்த படங்களில் ஹாம்ப்ஷயர் நிலத்தில் என்னென்னவோ கோடுகள் தெரிகின்றன, வந்து பாருங்கள். கிராஃபோர்ட் போனார். பார்த்தார். எத்தனையோ வருஷம் அவரும் டாக்டரும் முழங்கால் வலிக்க நடந்தும் முழுசாகப் பிடிபடாத அந்த மேடுகள் ஒரு காகிதத்தில் சதுரம் சதுரமாக, சீப்பில் வாரிய மாதிரி படிந்து கிடந்தன. வயல்கள். ஒன்றோடொன்று ஒட்டிய, வரப்பு கட்டிய வயல்கள். ஊர் ஊராக, மலைச்சரிவு மலைச்சரிவாக. சர்வேக்காரர்களின் பாஷையில் சொன்னால் வரலாற்றுக்கு முந்தைய இங்கிலாந்தின் புலப்படம்.

இன்னொரு கட்டுப் படங்களின் கதை நம் ஆபீஸ்களுக்கு நெருக்கமானது. 1921-ல் ஸ்டோன்ஹெஞ்ச் மேல் பறந்த விமானப்படைக்காரர்கள் எடுத்தவை அவை. அந்த வருஷம் நல்ல வறட்சி. ஸ்டோன்ஹெஞ்சிலிருந்து கிளம்பும் ஊர்வலப் பாதை ஒன்றை ஸ்டூக்லி பார்த்து எழுதியிருந்தார். அதன் பிற்பாதி எங்கே போயிற்று என்று இருநூறு வருஷமாகத் தேடிக்கொண்டிருந்தார்கள். வறண்ட நிலம் அதை இரட்டைக் கோடாகப் போட்டுக் காட்டியிருந்தது. எடுத்தவர்கள் கவனிக்கவில்லை. படம் கோப்புக்குள் இரண்டு வருஷம் தூங்கியது. 1923-ல் கிராஃபோர்ட் கையில் கிடைத்ததும் ஏவன் ஆற்றை நோக்கி அது வளைந்து போவது தெரிந்தது. பத்திரிகையில் எழுதினார், கையோடு போய்க் குறுக்கே தோண்டினார், பள்ளம் படத்தில் இருந்த இடத்திலேயே இருந்தது. இங்கிலாந்தின் மிகப் பிரபலமான கல்வட்டத்தின் வாசல் வழியைக் கண்டுபிடிக்க ஒரு மேஜை டிராயரைத் திறக்கவேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

அடுத்து மார்மலேட். ஆரஞ்சுத் தோலைச் சர்க்கரையில் காய்ச்சி ரொட்டியில் தடவுவார்களே, அது. டண்டீ நகரத்து மார்மலேட் குடும்பத்தின் வாரிசு அலெக்ஸாண்டர் கெய்லர். பணம் ஏராளம், பொழுதும் ஏராளம். வேகக் கார், பனிச்சறுக்கு, சூனியக்காரிகள் பற்றிய ஆராய்ச்சி, இவற்றோடு தொல்லியல். 1924-ல் அவர் செலவில் ஒரு விமானம் வாடகைக்கு எடுத்து ஆண்டோவர் என்ற ஊரிலிருந்து அவரும் கிராஃபோர்டும் கிளம்பினார்கள். தெற்கு இங்கிலாந்தின் ஐந்து மாவட்டங்களைப் படம் பிடித்தார்கள். 1928-ல் 'வானிலிருந்து வெஸ்ஸெக்ஸ்' என்று அது பெரிய புத்தகமாக வந்தது. வரலாற்றில் சோழன் கொடுத்த நிவந்தம், பாண்டியன் கொடுத்த தேவதானம் எல்லாம் படித்திருக்கிறோம். ஜாம் கொடுத்த மானியம் இது ஒன்றுதான்.

இன்சாலை மறந்துவிடக்கூடாது. 1925 டிசம்பரில் ஸ்டோன்ஹெஞ்சிலிருந்து இரண்டு மைலில் பறந்தவர் கீழே ஒரு வட்டத்தைப் பார்த்தார். அதுவரை வரைபடங்களில் அது சிதைந்த ஒரு புதைமேடு. அடுத்த ஜூலையில் அங்கே கோதுமை விளைந்திருந்தபோது மறுபடி பறந்தார். பயிருக்குள் கருப்புப் புள்ளிகள், வளையத்துக்குள் வளையமாக. ஒவ்வொரு புள்ளியும் ஒரு மரத்தூண் நட்ட குழி. மாட் கன்னிங்டன் என்ற அம்மாள் கணவரோடு போய்த் தோண்டினார். ஆறு வளையம், 168 குழி. தூண்களெல்லாம் மக்கி நாலாயிரம் வருஷத்துக்கும் மேலாகிறது. அவை நின்ற இடங்களைக் கோதுமை விரல்விட்டு எண்ணிக் கணக்குக் கொடுத்தது. மரத்தாலான ஸ்டோன்ஹெஞ்ச் என்பதால் வுட்ஹெஞ்ச் என்று பெயராயிற்று. இப்போது அங்கே போனால் சிமெண்ட் குத்துக்கற்களைப் பார்க்கலாம். அழகு என்று சொல்வதற்கில்லை. கட்டி முடிக்காத கல்யாண மண்டபத்தின் தூண்கள் ஞாபகம் வரும்.

மறுபடி வயலுக்கு வருவோம். கிராஃபோர்ட் கண்ட வயல்கள் ஏன் சதுரம்? இந்தக் கேள்விக்கு அங்கே நிறையக் கட்டுரைகள் எழுதினார்கள். நம் ஊர்க் கிழவர் ஒருவரைக் கேட்டிருந்தால் வெற்றிலையை மென்றபடி சொல்லியிருப்பார். அந்த ஜனங்களின் கலப்பை நம் நாட்டுக் கலப்பை மாதிரி. கொழு மண்ணைக் கீறும், புரட்டாது. ஒருவழி உழுதால் போதாது, குறுக்குச் சால் ஓட்டவேண்டும். இரண்டு பக்கமும் ஓட்டுவதென்றால் நிலம் கிட்டத்தட்டச் சதுரமாக இருப்பதுதான் மாட்டுக்கும் சௌகரியம், மனுஷனுக்கும் சௌகரியம். வில்ட்ஷயரில் ஏவ்பரி என்ற ஊருக்குப் பக்கத்தில் சவுத் ஸ்ட்ரீட் என்ற இடத்தில் 1960-களில் ஒரு நீள்மேட்டைத் தோண்டினார்கள். அடியில் சுண்ணாம்பின் மேல் குறுக்கும் நெடுக்குமாக உழவுக் கீறல்கள் அப்படியே இருந்தன. ஐயாயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே குறுக்குச் சால். பின்னால் மண்ணைப் புரட்டும் கனமான கலப்பையும் அதை இழுக்க மாட்டுப் பட்டாளமும் வந்தபோது, திருப்புவது பெரும்பாடு என்பதால் வயல்கள் நாடா மாதிரி நீண்டுகொண்டன. மாட்டைத் திருப்புகிற சிரமம்தான் ஒரு நாட்டின் பூகோளத்தை வரைந்தது.

வரப்பு உயர்ந்ததற்கும் ராஜாவின் ஆணை காரணமில்லை. சரிவில் உழுதால் வருஷாவருஷம் மண் கொஞ்சம் கீழே இறங்கும். கீழ்க்கட்டு வரப்பில் வந்து தங்கும். நூறு வருஷம் உழுதால் அது மேடு; ஐந்நூறு வருஷம் உழுதால் படிக்கட்டு. யாரும் கட்டவில்லை. தினமும் வேலைக்குப் போனார்கள், அவ்வளவே.

இந்த வயல்களுக்குக் கிராஃபோர்ட் 'கெல்டிக் வயல்கள்' என்று பெயரிட்டார். ரோமானியருக்கு முன்னால் இருந்தவர்கள் கெல்ட்கள், ஆகவே அவர்கள் வயல். பிறகு தோண்டிப் பார்த்தால் பல வயல்கள் வெண்கலக் காலத்தவை, கி.மு. 1500 ஒட்டியவை, அந்த ஜனங்களைக் கெல்ட் என்று கூப்பிட்டால் திரும்பியே பார்த்திருக்கமாட்டார்கள். சிலவற்றில் ரோமானியர் காலத்திலும் விவசாயம் நடந்தது. ஆனாலும் பெயர் ஒட்டிக்கொண்டது. ஹாலந்தில்கூட இதே பெயர் புழங்குகிறது. ஸ்டூக்லிக்கு ட்ரூயிட், கிராமத்தாருக்குத் தேவதை, கிராஃபோர்டுக்குக் கெல்ட். ஆளுக்கொரு பெயர் எழுதி வைத்தார்கள்; பட்டா மட்டும் இன்னும் மாற்றவில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது வெண்கலக் காலத்துக் கடைசியில் நடந்த ஒரு அடாவடி. யாரோ அதிகாரம் உள்ளவர்கள் மைல் கணக்கில் நீளமான பள்ளங்களை வெட்டினார்கள். எல்லைக் கோடாக இருக்கலாம், ஆடுமாடு மேயும் பெரும் பரப்புகளைப் பிரிக்க இருக்கலாம். வில்ட்ஷயரின் சாலிஸ்பரி சமவெளியில் சில இடங்களில் அந்தப் பள்ளங்கள் பழைய சதுர வயல்களைக் குறுக்காக வெட்டிக்கொண்டு போகின்றன. இந்தப் பக்கம் பாதி வயல், அந்தப் பக்கம் பாதி வயல். படத்தைப் பார்த்தவுடனே நமக்குப் புரிந்துவிடும். நான்கு வழிச் சாலைக்கு நிலம் எடுத்த மாதிரியே இருக்கிறது. இழப்பீடு கொடுத்தார்களா என்று வாற்கோதுமை சொல்லவில்லை.

வானத்திலிருந்து பார்க்கிற இந்தக் கிறுக்கு மற்றவர்களுக்கும் தொற்றியது. மேஜர் ஜார்ஜ் ஆலன் என்ற எஞ்சினியர் கிராஃபோர்டின் எழுத்தைப் படித்துப் பைத்தியம் பிடித்து, சொந்த விமானத்தில், தானே செய்த கேமராவோடு ஆக்ஸ்ஃபோர்ட் வட்டாரத்து ஆற்றுப்படுகைச் சரளை நிலங்களை அலசினார். வருஷக்கணக்கில் ஒற்றை ஆளாகப் பறந்து படமெடுத்தும் ஒன்றும் ஆகாதவர், 1940-ல் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்தார்.

இதே வில்ட்ஷயரில்தான் 1980-களில் பயிருக்குள் பெரிய பெரிய வட்டங்கள் ராத்திரியோடு ராத்திரியாகத் தோன்றின. வேற்றுக்கிரகவாசிகள் என்றார்கள், பூமியின் சக்தி என்றார்கள், புத்தகங்கள் விற்றன, பஸ் போட்டு வந்து பார்த்தார்கள். 1991-ல் டக் போவர், டேவ் சோர்லி என்ற இரண்டு பெரியவர்கள் முன்னால் வந்து, பலகையும் கயிறும் வைத்து நாங்கள்தான் மிதித்தோம் என்றார்கள். கிரேட் செஸ்டர்ஃபோர்ட் கிராமத்தார் 1719-லேயே சொன்னதுதான்: ராத்திரியில் யாரோ வந்து பயிரை மிதிக்கிறார்கள். அடுத்த வயலில் நிஜமாகவே மூவாயிரம் வருஷத்து வரப்பு பச்சைக் கோடாக நின்றிருக்கும். அதைப் பார்க்க பஸ் வந்ததாகத் தெரியவில்லை.

வறட்சி வந்தால் விவசாயி வானத்தைத் திட்டுவான். இந்தத் துறைக்காரர்கள் வாடகை விமானத்துக்குப் போன் போடுவார்கள். 1976-ம் 2018-ம் அவர்களுக்குத் தீபாவளி. 2018 ஜூலையில் அயர்லாந்தின் நியூகிரேஞ்ச் பக்கத்தில் இரண்டு பேர் ட்ரோன் பறக்கவிட்டு, வறண்ட வயலில் அதுவரை யாருக்கும் தெரியாத ஒரு பிரம்மாண்ட வட்டத்தைக் கண்டார்கள். 'ட்ரோன்ஹெஞ்ச்' என்று பெயர். ஈயடிச்சான் காப்பியாகப் பெயர் வைப்பதில் அவர்களை மிஞ்ச ஆளில்லை.

கெட்ட செய்தி என்னவென்றால், காட்டிக்கொடுக்கிற பயிரை விதைக்க உழவேண்டும். உழுகிற டிராக்டர் ஒவ்வொரு வருஷமும் அடியில் இருப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டித் தின்கிறது. இரண்டாம் உலகப் போரில் உணவுப் பஞ்சம் என்று மேட்டுப் புல்வெளிகளை உழச் சொன்னார்கள். கிராஃபோர்ட் படம் பிடித்த வரப்புகளில் பல அத்தோடு தரைமட்டம். 1957-ல் அவர் இறக்கும்போது அவருடைய வயல்கள் பாதி காகிதத்தில்தான் இருந்தன.

மிச்சம் எங்கே இருக்கிறது தெரியுமா? சாலிஸ்பரி சமவெளியில், ராணுவத்திடம். 1897-லிருந்து பயிற்சிக்காக வாங்கிப்போட்ட நிலம் அது. பீரங்கி சுடுவார்கள், டாங்கி ஓட்டுவார்கள், ஆனால் பெரும்பகுதியை உழுவதில்லை. அதனால் வெண்கலக் கால வரப்புகள் இன்றும் புல்லுக்கடியில் மேடாகவே, மாலை வெயிலில் நிழல் விழும்படி, அங்கங்கே ஒரு குண்டுப் பள்ளத்தோடு இருக்கின்றன. பார்க்க ஆசைப்படுகிறவர்கள் தாராளமாகப் போகலாம். செங்கொடி ஏற்றியிருந்தால் மட்டும் உள்ளே போகாதீர்கள். அன்றைக்கு நிஜக் குண்டு.